முந்நூறு மாணவர்களை விட்டுச் சென்ற ஆசிரியர்

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களைப் பற்றிப் பேசும்போது ஹுஜ்ஜதுல் இஸ்லாம் என்ற பட்டத்தையும் அவர்கள் எழுதிய நூல்களின் பெருக்கத்தையுமே நாம் முதலில் சொல்கிறோம். எனக்கோ அவர்களது வாழ்வில் அதிகம் யோசிக்க வைப்பது ஒரு பதவி விலகல்தான். கி.பி. 1095 நவம்பரில், அன்றைய முஸ்லிம் உலகின் மிகப் பெரிய ஆசிரியர் பதவிகளுள் ஒன்றை அவர்கள் தாமாகவே விட்டு வெளியேறினார்கள். அப்போது வயது 37. யாரும் அவர்களை விலக்கவில்லை. போகவேண்டாம் என்று தடுத்தவர்களே அதிகம்.

அந்தப் பதவி சும்மா கிடைத்ததல்ல. குராஸானின் தூஸ் நகரில் கம்பளி நூற்று விற்ற ஓர் ஏழையின் மகனாக 1058இல் பிறந்தார்கள். தந்தை மௌத்தாகும்போது இரண்டு மகன்மாரையும் ஒரு சூபி நண்பரிடம் ஒப்படைத்தார். வைத்துச் சென்ற பணம் தீர்ந்ததும், மத்ரஸாவில் சேர்ந்தால் சாப்பாடாவது கிடைக்கும் என்று அந்த நண்பர் பிள்ளைகளை அங்கே அனுப்பினார். இஸ்லாமிய வரலாற்றின் பேரறிஞர் ஒருவரது கல்வி சோற்றுக்காகவே தொடங்கியது என்பதை அவர்களே பிற்காலத்தில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள்.

ஜுர்ஜானில் ஓதிவிட்டுத் திரும்பும் வழியில் கொள்ளையர்கள் மறித்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள், பாடக் குறிப்புகளை மட்டும் தாருங்கள் என்று தலைவனிடம் கெஞ்சினார்கள். அவன் சிரித்தான். நாங்கள் பறித்ததும் இல்லாமல் போய்விட்டதே, இதுவா உன் கல்வி என்று கேட்டுவிட்டுக் குறிப்புகளைத் திருப்பிக் கொடுத்தான். ஊருக்கு வந்த கஸ்ஸாலி, மூன்று வருடங்கள் புதிதாக எதையும் தேடாமல் அந்தக் குறிப்புகளை மனனம் செய்தார்கள். இந்தக் கதையைச் சொல்பவர்கள் கொள்ளையனின் கேள்வியோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அந்த மூன்று வருடங்கள்தான் பெரிதாகப் படுகின்றன. ஓர் இளைஞர், புதிய ஆசிரியர், புதிய ஊர், புதிய கிதாப் எதுவும் இல்லாமல், கையில் இருந்ததையே தனதாக்கிக்கொண்ட காலம் அது.

அதன்பின் நைஸாபூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனியிடம் ஓதினார்கள். 1085இல் ஆசிரியர் மறைந்ததும் ஸல்ஜூக்கியப் பேரரசின் வஸீர் நிஸாமுல் முல்கின் சபைக்குச் சென்றார்கள். அங்கே உலமாக்கள் ஒருவரையொருவர் வாதத்தில் வெல்வார்கள். கஸ்ஸாலி எல்லோரையும் வென்றார்கள். 1091இல் பக்தாத் நிஸாமிய்யா மத்ரஸாவின் தலைமை ஆசிரியரானார்கள்.

அங்கே கழிந்த நான்கு வருடங்களைப் பாருங்கள். முந்நூறு மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார்கள். பத்வா கொடுத்தார்கள். பாதினிய்யாக்களுக்கு மறுப்பு எழுதினார்கள். பாடங்களுக்கு இடையே கிடைத்த நேரத்தில் தத்துவ நூல்களை ஆசிரியர் இல்லாமல் தாமே படித்து, தத்துவவாதிகளை மறுக்கும் தஹாபுத் நூலையும் முடித்தார்கள். கலீபாவின் அரண்மனையிலும் அவர்களுக்கு இடமிருந்தது. இவற்றில் எதைக் கூடாத காரியம் என்று சொல்வோம்? அனைத்தும் தீனுக்குச் செய்த பணிகள்தான்.

நான் பல சங்கங்களிலும் சபைகளிலும் இருந்தவன். ஒரே வாரத்தில் பள்ளிவாசல் நிர்வாக சபை, ஜனாஸா நலன்புரிச் சங்கம், பாடசாலை அபிவிருத்திக் குழு, பழைய மாணவர் சங்கம் என்று நான்கு கூட்டங்களில் அதே ஏழெட்டு முகங்களைக் கண்டிருக்கிறேன். பாவமான காரியத்தை விடச் சொன்னால் எமக்கு விளங்கும். நன்மையான காரியங்களில் எதை விடுவது என்று கேட்டால்தான் திகைக்கிறோம். கஸ்ஸாலியைக் கட்டிலில் போட்டதும் இந்தக் கேள்விதான்.

நிஸாமுல் முல்க் 1092இல் கொல்லப்பட்டார். அடுத்த மாதமே ஸுல்தான் மலிக்ஷாவும் இறந்தார். அரசியல் குழம்பியது. கஸ்ஸாலி பயந்துதான் பக்தாதை விட்டார்கள் என்று சில ஆய்வாளர்கள் சொல்வது இதை வைத்துத்தான். அந்தக் காரணத்துக்கும் ஓரளவு இடம் இருக்கலாம். ஆனால் தமது சுயசரிதையான அல்முன்கிதில் அவர்கள் தரும் கணக்கு வேறு. தாம் செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் மிகச் சிறந்தது கற்பித்தல். அதிலும் தாம் ஈடுபட்டிருப்பது மறுமைக்கு முக்கியமில்லாத, பயன்தராத அறிவுகளில் என்று கண்டார்கள். அதற்குப் பின்னாலிருந்த நிய்யத்தோ பேரும் புகழும்.

கண்டதும் விட்டுவிடவில்லை. காலையில் போவதென்று முடிவெடுத்தால் மாலையில் மனம் மாறும். ஹிஜ்ரி 488 ரஜபிலிருந்து ஏறத்தாழ ஆறு மாதம் இப்படியே இழுபட்டது. கடைசியில் நா கட்டிக்கொண்டது. மாணவர்களைத் திருப்திப்படுத்தவாவது ஒரு நாள் பாடம் சொல்ல முயன்றார்கள், வார்த்தை வரவில்லை. சாப்பாடும் இறங்கவில்லை. மனதில் இறங்கிய நோய்க்கு மருந்தில்லை என்று வைத்தியர்கள் கைவிட்டார்கள். சொத்தைப் பகிர்ந்தார்கள், குடும்பத்துக்குப் போதுமானதை மட்டும் வைத்துவிட்டு. தடுப்பார்கள் என்பதால் மக்காவுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஷாமுக்குப் புறப்பட்டார்கள். மத்ரஸாப் பாடங்களைத் தம்பி அஹ்மத் பொறுப்பேற்றார்.

திமிஷ்கில் உமையாப் பள்ளியின் மினாராவில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு பகல் முழுதும் இருப்பார்கள். பிறகு பைத்துல் முகத்தஸ் சென்றார்கள். ஹெப்ரோனில் நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் கப்ரருகே மூன்று விடயங்களைச் செய்வதில்லை என்று உறுதி எடுத்தார்கள். எந்த ஆட்சியாளரிடமும் போவதில்லை, ஆட்சியாளர் பணத்தை வாங்குவதில்லை, வாதப் போட்டிகளில் இறங்குவதில்லை. பக்தாத் வரை அவர்களைத் தூக்கிச் சென்ற ஏணியின் படிகளே இந்த மூன்றும்.

இதைத் துறவு என்று சொல்லிக் கடந்துவிடக் கூடாது. இஹ்யா உலூமுத்தீனின் நாற்பது பாகங்களும் பக்தாத் பதவியை விட்ட பின்னர் வந்தவை. ஷாபிஈ பிக்ஹில் அல்வஜீஸ் என்ற நூலை 1101இல் முடித்தார்கள். எமது மத்ரஸாக்களில் ஓதப்படும் மஹல்லி, இமாம் நவவியின் மின்ஹாஜுக்கு விரிவுரை. மின்ஹாஜ், இமாம் ராபிஈயின் முஹர்ரரிலிருந்து சுருக்கப்பட்டது. அந்த ராபிஈயோ வஜீஸுக்கே விரிவுரை எழுதியவர். பிக்ஹை அவர்கள் விடவில்லை. பிக்ஹின் பேரால் நடந்த போட்டியைத்தான் விட்டார்கள்.

இஹ்யாவின் முதல் பாகத்தில், பர்ளு கிபாயாவை விளக்கும் இடத்தில் ஒரு முறைப்பாடு இருக்கிறது. பல ஊர்களில் முஸ்லிம் வைத்தியர் ஒருவர்கூட இல்லை, ஆனால் பிக்ஹின் சர்ச்சைகளைப் படிக்கக் கூட்டம் அலைமோதுகிறது என்கிறார்கள். காரணத்தையும் ஒளிக்கவில்லை. வைத்தியம் படித்தால் வக்பு நிர்வாகமோ, அநாதைகளின் சொத்துப் பொறுப்போ, காழிப் பதவியோ கிடைக்காது. ஊரில் ஒரே வேலையை ஐந்து அமைப்புகள் செய்துகொண்டிருக்க, செய்யப்படாத வேலை அப்படியே கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பக்கம் பழையதாகத் தெரியாது.

அய்யுஹல் வலத் என்ற சிறு நூலும் இதே கவலையில் பிறந்தது. பல வருடங்கள் ஓதிய ஒரு மாணவர், படித்தவற்றில் கப்ரில் எனக்கு உதவுவது எது, விடவேண்டியது எது என்று கேட்டு எழுதினார். அதற்கான பதில் அது. சில பக்கங்கள்தான். இஹ்யாவைப் புரட்ட நேரமில்லாதவர்கள் இதையாவது வாசிக்கலாம்.

1106இல் வஸீர் பக்ருல் முல்க் வற்புறுத்த, நைஸாபூர் நிஸாமிய்யாவுக்குத் திரும்பினார்கள். எடுத்த உறுதி என்னவாயிற்று என்று அன்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். முன்பு பேர் தேடித் தரும் அறிவைக் கற்பித்தேன், இப்போது பேரை விடச் செய்யும் அறிவைக் கற்பிக்க வருகிறேன் என்பது அல்முன்கிதில் அவர்கள் கூறும் விளக்கத்தின் சாரம். அங்கும் நெடுநாள் தங்கவில்லை. தூஸில் வீட்டுக்கருகே ஒரு மத்ரஸாவும் சூபிகளுக்கான ஒரு தங்குமிடமும் அமைத்துக்கொண்டார்கள்.

1110இல் பக்தாத் மீண்டும் அழைத்தது. அதே நிஸாமிய்யா, அதே ஆசனம். மறுத்து எழுதிய கடிதத்தில் அவர்கள் சொன்ன காரணங்கள் மிகச் சாதாரணமானவை. இங்கே நூற்றைம்பது மாணவர்கள் இருக்கிறார்கள், அவர்களால் பக்தாத் வர முடியாது. எனக்குக் குடும்பம் இருக்கிறது. ஹெப்ரோனில் எடுத்த உறுதி இருக்கிறது. பக்தாதில் வாதத்தையும் அரண்மனையையும் தவிர்த்து வாழ முடியாது. முந்நூறு பேரை விட்டுப் போனவர், நூற்றைம்பது பேரை விட மறுத்தார்கள்.

கடைசி நாட்களில் புகாரியையும் முஸ்லிமையும் எடுத்துக்கொண்டு ஹதீஸ் அறிஞர்களோடு அமர்ந்தார்கள் என்று அவர்களை நேரில் அறிந்த அப்துல் காபிர் அல்பாரிஸீ பதிவு செய்திருக்கிறார். மற்றத் துறைகளில் உலகம் அவர்களிடம் படித்துக்கொண்டிருந்தது. இதில் அவர்கள் மாணவராக உட்கார்ந்தார்கள். அந்தப் பாடம் முடியுமுன், 1111 டிசம்பரில் தூஸிலேயே வபாத்தானார்கள்.