ஊரைப் படிப்பித்த நாவலர்

சாட்டி முதலிய தீவகக் கிராமங்களிலிருந்து பண்ணைக் கடல் கடந்து கல்லூரிக்கு வந்த எம்முட் பலர், எழுத்தறியுமுன்னரே நூலறிந்திருந்தோம். கோயில் மண்டபத்தில் ஒருவர் கந்தபுராணத்தை இராகத்துடன் வாசிப்பார்; மற்றொருவர் பயன் சொல்லுவார். எழுத்தறியாத எம் பாட்டியர் அதனைக் கேட்டுவந்து எமக்குக் கதையாகச் சொல்லுவர். ஊர் கேட்ட நூலை வீடும் படிக்குமாறு வழிசெய்தவர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள்.

அன்னார் 1822 ஆம் ஆண்டு டிசெம்பர் 18 ஆந் திகதி நல்லூரிற் பிறந்தார். தந்தையார் கந்தப்பிள்ளை, தாயார் சிவகாமி அம்மையார். சேனாதிராச முதலியாரிடந் தமிழும், மெதடிஸ்த மிசன் பாடசாலையில் ஆங்கிலமுங் கற்று, அப்பாடசாலையிலேயே ஆசிரியராயினார். பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குந் துணைநின்றார். அச்சிட்ட சிறு நூலொன்று கிராமத்து வீட்டினுள் எவ்வாறு புகுகின்றதென்பதை அங்கேதான் கண்டறிந்தார் போலும். 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, மிசன் உத்தியோகத்தையுந் துறந்தார். மறுவருடம் சென்னையிலிருந்து அச்சியந்திரம் வந்தது.

அக்காலத்து ஏடுகளிற் சொற்கள் பிரிவின்றித் தொடர்ந்து கிடக்கும், புள்ளியும் இராது. ஆசிரியர் வாய்திறந்தாலன்றி அவை பிறர்க்கு விளங்கா. நாவலரவர்களோ கடுஞ்சந்திகளைப் பிரித்தார், நிறுத்தக் குறிகளை இட்டார், செய்யுளை வசனமாக்கினார். 1852 இல் வெளிவந்த பெரியபுராண வசனத்தை, எழுத்துக்கூட்ட வல்ல எவரும் தம் வீட்டு விளக்கொளியிற் பிறர்க்குப் படித்துக் காட்டலாயிற்று. சிறுவர்க்கோ எளியதினின்று அரியதற்கு ஏறிச்செல்லும் பாலபாடங்களை எழுதியளித்தார். தாம் இல்லறம் புகாதவர் பிறர் இல்லங்களை இத்துணை நினைந்தமை எமக்கு என்றும் வியப்பே.

ஒன்றை மறைத்தல் ஆகாது. சாதி வேறுபாட்டை அவர் கைவிட்டிலர். அவர் வழியில் எழுந்த பாடசாலைகள் பலவும் ஒடுக்கப்பட்டோர்க்கு நெடுங்காலங் கதவடைத்தே இருந்தன. மண்டபத்துப் புராணமும் வெளியே நிறுத்தப்பட்டோரை அணுகவில்லை. எம் பாட்டியர் கேட்ட கதையைக் கேளாத பாட்டியரும் அதே ஊரில் இருந்தனர்.

1879 டிசெம்பர் 5 ஆந் திகதி நாவலரவர்கள் சிவபதமடைந்தார். அவர் நூல்கள் தோணியேறித் தீவகத்துக்கும் வந்தன. நாம் பாலபாடத்தை உரத்து வாசிக்கையில், அடுப்படியிலிருந்த பாட்டியொருவர் அருகில் வந்து, எழுத்தின்மேல் விரல் வைத்து, இஃது என்னவென்று கேட்டதும் உண்டு.