கணித மேதை சிவசங்கரநாராயண பிள்ளை

தமிழகத்துக் கணித மேதை என்றவுடன் இராமானுசன் பெயரே நாவில் எழும். அவருக்குப் பின் எண்ணியலில் ஓங்கி நின்ற சு. சிவசங்கரநாராயண பிள்ளையை நம் மாணவர் பலர் அறியார். கணித உலகம் நன்கறியும்.

குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901 ஏப்ரல் 5ஆம் நாள் பிறந்தார். ஓராண்டுக் குழவியாய் இருந்தபோதே அன்னையை இழந்தார். பள்ளி இறுதியாண்டில் தந்தையும் மறைந்தார். கல்வி அத்துடன் நின்றிருக்கும். சாஸ்திரியார் என்னும் ஆசிரியர் தம் கைப்பொருள் ஈந்து காத்தார். நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் பயின்று, சென்னையில் ஆனந்தராவ் அவர்களிடம் ஆய்வு செய்து, 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார்.

சிதம்பரத்தில் கழிந்த அப்பன்னிரண்டு ஆண்டுகளே அவர்தம் பொற்காலம். எந்த எண்ணும் ஆறாம் அடுக்கு எண்கள் எழுபத்து மூன்றுக்கு மிகாமல் கூட்டினால் கிடைக்கும் என 1940இல் நிறுவினார். எனக்கோ அவருடைய மற்றொரு முடிவே பெருவியப்பைத் தருகிறது. அடுத்தடுத்த எண்கள் சிலவற்றை எடுத்துக்கொள்வோம். ஏனைய எதனோடும் பகாக் காரணியைப் பகிராத எண் ஒன்றேனும் அவற்றுள் இருக்குமா? பதினாறு எண்கள் வரை உறுதியாக இருக்கும் என்றார் பிள்ளை. பதினேழில் அவ்வுறுதி குலைகிறது. 2184 முதல் 2200 வரை பிரித்துப் பாருங்கள். 2189 என்பது 11, 199 ஆகியவற்றின் பெருக்கம். தனித்து நிற்பதுபோல் தோன்றினாலும் 2200இலும் 11 உண்டு. 2197 என்பது 13இன் கனம். 2184இலும் 13 உண்டு. பதினேழில் ஒன்றும் தப்பவில்லை! 17 முதல் 430 வரை எத்தனை எண்களை எடுத்தாலும் இத்தகைய வரிசை உண்டென அவர் காட்டினார். அதற்கு மேலும் உண்டென 1941இல் பிரவுவர் நிறுவினார்.

இன்று கணிதமென்பொருள் இப்பதினேழையும் நொடியில் பிரித்துவிடும். எண் பெரிதானால் அதுவும் திணறும். 250 இலக்க எண்ணொன்றை 2020இல் இரு பகாக் காரணிகளாகப் பிரித்த உழைப்பு, ஒரே செயலிக்கு ஏறத்தாழ 2700 ஆண்டு வேலை. அந்தக் கடினத்தையே காவலாகக் கொண்ட மறைகுறியீட்டு முறை 1977இல் தோன்றியது. ஆம்பூர்த் தோல் வணிகர் கணினிவழிப் பணம் அனுப்பும் காலத்தில் இதனை அறிதல் நன்று. பிள்ளையிடம் இருந்தவையோ தாளும் எழுதுகோலுமே.

பின்னர்த் திருவனந்தபுரத்திலும் கல்கத்தாவிலும் பணியாற்றினார். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனம் அவரை ஓராண்டு தங்கி ஆய்வு செய்ய அழைத்தது. ஆர்வர்டில் கூடவிருந்த உலகக் கணித மாநாட்டிலும் பங்கேற்கப் புறப்பட்டார். 1950 ஆகஸ்டு 31ஆம் நாள் கெய்ரோ அருகே வானூர்தி வீழ்ந்து, பயணம் செய்த ஐம்பத்தைவரும் மாண்டனர். அவர்தம் ஆய்வுரைகள் இரு தொகுதிகளாய்த் திரண்டு வெளிவர 2010 வரை காத்திருக்க நேர்ந்தது.