ராஜாஜி சாலை: பெயருக்குச் சொந்தக்காரர் ஓசூர்க்காரர்!

சென்னை பீச் ஸ்டேஷன் வாசலில் ஓடும் ராஜாஜி சாலை, முன்பு வடக்குக் கடற்கரைச் சாலை. ராஜாஜி பிறந்தது ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில், 1878-ல். பள்ளி ஓசூர், கல்லூரி பெங்களூரு. இன்று ஐ.டி. பசங்க தினமும் போய்வரும் அதே ரூட்தான்!

தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் எல்லையில் வளர்ந்த மனிதர். ஆனால் சென்னை மாகாணத்தின் பிரதமராக (முதல்வரை அப்போ அப்படித்தான் சொல்வாங்க) 1938-ல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். எதிர்த்துச் சிறை போன நடராசனும் தாளமுத்துவும் 1939-ல் இறந்தார்கள்.

1965-ல் இந்தி மட்டுமே ஆட்சிமொழி ஆவதை எதிர்த்தவர்களில் ராஜாஜியும் ஒருவர். 1967-ல் அண்ணாவோடு கூட்டணியே வைத்தார். 1972-ல் மறைந்தார்.

எழும்பூரில் சி.எம்.டி.ஏ. அலுவலகம் இருக்கும் கட்டடத்தின் பெயர்: தாளமுத்து நடராசன் மாளிகை.