அமெரிக்காவின் வாய்ப்பூட்டு விதி... மக்கள் மனுக்களுக்காக 8 வருஷம் மல்லுக்கட்டிய முன்னாள் அதிபர்!

அதிபர் பதவி போன பிறகு பலரும் வீட்டோடு செட்டில் ஆகிவிடுவார்கள். ஜான் குவின்சி ஆடம்ஸ் அப்படி இல்லை. 1825 முதல் 1829 வரை அமெரிக்காவின் 6-வது அதிபராக இருந்தவர் அவர். அவருடைய அப்பா ஜான் ஆடம்ஸும் முன்னாள் அதிபர்தான். 1828 தேர்தலில் ஆண்ட்ரூ ஜாக்சனிடம் தோற்ற மகன், 2 வருஷம் கழித்து பிரதிநிதிகள் சபைத் தேர்தலில் ஜெயித்து சாதாரண உறுப்பினராக உள்ளே வந்தார். அதிபராக இருந்துவிட்டு அந்தச் சபைக்குத் தேர்வானவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

மனு கொடுத்தா எங்கே போகும்?

அந்தக் காலத்தில் மக்கள் அனுப்பும் மனுவை ஒரு உறுப்பினர் சபையில் தாக்கல் செய்வார். சபை அதை உரிய கமிட்டிக்கு அனுப்பும். கமிட்டி அலசிப் பார்த்து அறிக்கை தரும். கோரிக்கை நியாயம் என்று பட்டால் மசோதாவையே தயாரித்துக் கொடுக்கும். முடியாது என்றால் ஏன் முடியாது என்று காரணம் சொல்லும். ஆக, மனு சட்டமாக மாறுவதற்கான வாசல் கமிட்டிதான்.

1831 டிசம்பரில் ஆடம்ஸ் 15 மனுக்களைத் தாக்கல் செய்தார். பென்சில்வேனியா மாகாண மக்கள் அனுப்பியவை. தலைநகர் வாஷிங்டனில் அடிமை முறையை ஒழிக்க வேண்டும் என்பது கோரிக்கை. ஏன் தலைநகர்? மாகாணங்களில் அடிமை முறை அந்தந்த மாகாண விவகாரம். தலைநகரோ நேரடியாக நாடாளுமன்றத்தின் கையில் இருந்தது.

இதில் ஒரு ட்விஸ்ட். அந்தக் கோரிக்கையைத் தான் ஆதரிக்கவில்லை என்று ஆடம்ஸ் அப்போது சொன்னார். ஆனாலும் மக்கள் அனுப்பியதைச் சபையில் வைப்பது தன் கடமை என்று நினைத்தார்.

பூட்டு போட்டது எப்படி?

அடுத்த சில வருஷங்களில் இதே மாதிரி மனுக்கள் மூட்டை மூட்டையாக வந்தன. கையெழுத்துப் போட்டவர்களில் ஓட்டுரிமையே இல்லாத பெண்கள் ஏராளம். தென் மாகாண உறுப்பினர்கள் கொதித்தார்கள். தென் கரோலினாவின் ஹென்றி பிங்க்னி தலைமையில் ஒரு சிறப்பு கமிட்டி அமைந்தது. அதன் பரிந்துரைப்படி 1836 மே 26-ல் தீர்மானம் நிறைவேறியது. அடிமை முறை பற்றி எந்த மனு வந்தாலும் அச்சிடக் கூடாது, கமிட்டிக்கு அனுப்பக் கூடாது, அப்படியே கிடப்பில் போட வேண்டும். இதுதான் வாய்ப்பூட்டு விதி. 1840-ல் அது இன்னும் இறுகியது. மனுவை வாங்கவே கூடாது என்று நிரந்தர விதி ஆனது.

மனு கொடுக்கும் உரிமை அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தத்திலேயே இருக்கிறது. வாங்கிப் படிக்க ஆளே இல்லை என்றால் அந்த உரிமைக்கு என்ன அர்த்தம்? ஆடம்ஸ் பிடித்துக்கொண்ட பாயின்ட் இதுதான்.

எதிரிகளை அலறவிட்ட மனுக்கள்

1837-ல் அடிமைகள் அனுப்பியதாகச் சொல்லப்பட்ட ஒரு மனு வந்திருக்கிறது, அது இந்த விதிக்குள் வருமா என்று சபாநாயகரிடமே கேட்டார். சபை கொந்தளித்தது. அவர் மீது கண்டனத் தீர்மானம் கொண்டுவர முயன்றார்கள். கடைசியில் பார்த்தால், அடிமை முறை தொடர வேண்டும் என்பதுதான் அந்த மனுவின் கோரிக்கை. கொதித்தவர்கள் முகத்தில் அசடு வழிந்தது.

1839-ல் ஆடம்ஸ் ஒரு படி மேலே போனார். அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்க, 1842-க்குப் பிறகு பிறக்கும் எல்லாக் குழந்தைகளும் சுதந்திரமானவர்களே என்று அரசியல் சாசனத் திருத்தம் முன்மொழிந்தார். அதையும் சபை எடுத்துக்கொள்ளவில்லை.

1842-ல் மாசசூசெட்ஸ் மாகாணத்தின் ஹேவரில் ஊர்க்காரர்கள், நாட்டையே அமைதியாகக் கலைத்துவிடுங்கள் என்று மனு அனுப்பினார்கள். ஆடம்ஸுக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. ஆனாலும் தாக்கல் செய்தார். சிறப்பு கமிட்டிக்கு அனுப்புங்கள், ஏன் ஏற்க முடியாது என்ற காரணங்களைக் கமிட்டி அறிக்கையாகத் தரட்டும் என்று கேட்டார். மறுபடியும் கண்டனத் தீர்மானம். 74 வயதில் நாள்கணக்கில் தனக்காகத் தானே வாதாடினார். தீர்மானம் கைவிடப்பட்டது.

பூட்டு உடைந்தது, பிறகு?

1844 டிசம்பர் 3-ல் ஆடம்ஸ் கொண்டுவந்த தீர்மானம் ஜெயித்து, வாய்ப்பூட்டு விதி ரத்தானது. அதற்காக அடிமை முறை மறுநாளே ஒழிந்துவிடவில்லை. மனுக்களுக்குக் கமிட்டியின் கதவு திறந்தது, அவ்வளவுதான்.

1848 பிப்ரவரி 21-ல் சபையில் தன் இருக்கையிலேயே ஆடம்ஸ் சரிந்தார். 2 நாள் கழித்து, அதே கட்டடத்தில் சபாநாயகர் அறையில் உயிர் பிரிந்தது. வயது 80.

அந்த 15 மனுக்கள் கேட்டது 1862-ல் சட்டமானது. தலைநகரில் அடிமை முறை ஒழிந்தபோது ஆடம்ஸ் இறந்து 14 வருஷம் ஆகியிருந்தது.