கூட்டப் பீதியும் தடுப்பூசியும்: வால்டெமர் ஹாஃப்கின் வாழ்க்கை தரும் பாடம்

ஒரு நோய் எதனால் வருகிறது என்பது மக்களுக்குத் தெரியாதபோது, அந்த இடத்தை வதந்தி நிரப்புகிறது. வதந்தியால் எழும் பீதி, நோயைவிட வேகமாகப் பரவுகிறது. காலரா, பிளேக் ஆகிய நோய்களுக்குத் தடுப்பூசி உருவாக்கிய வால்டெமர் ஹாஃப்கின் (1860–1930) இதை நேரில் எதிர்கொண்டவர்.

காலரா தடுப்பூசி

ஒடெஸா நகரில் பிறந்த ஹாஃப்கின், பாரிஸிலுள்ள பாஸ்டர் நிறுவனத்தில் ஆய்வு செய்தார். 1892 ஜூலை 18 அன்று தாம் உருவாக்கிய காலரா தடுப்பூசியை முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். 1893இல் இந்தியா வந்தார். கல்கத்தாவின் குடிசைப் பகுதியில் எதிர்ப்பு எழுந்தபோது, மக்கள் கண்முன்னே தாமே ஊசி போட்டுக்கொண்டார். அதைக் கண்ட பலர் முன்வந்தனர். விரும்பியவர்களுக்கு மட்டுமே அவர் தடுப்பூசி போட்டார்.

பம்பாயில் பிளேக்

1896இல் பம்பாயில் பிளேக் பரவியது. வீடுகள் சோதனையிடப்பட்டன, நோயாளிகள் கட்டாயமாக மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். காரணம் விளக்கப்படாததால், நோயாளிகளைக் கொல்லவே அழைத்துச் செல்கிறார்கள் என்ற வதந்தி பரவியது. அக்டோபர் மாதத்தில் ஆலைத் தொழிலாளர்கள் திரண்டு ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கினர். குடும்பத்தினர் நோயாளிகளை மறைத்தனர். நகரைவிட்டு ஓடியவர்களுடன் நோயும் பிற ஊர்களுக்குச் சென்றது. இச்சூழலில் ஹாஃப்கின் பிளேக் தடுப்பூசியை உருவாக்கி, 1897 ஜனவரி 10 அன்று தமக்கே செலுத்திச் சோதித்தார்.

வீண்பழி

1902இல் பஞ்சாபின் மல்கோவால் கிராமத்தில் தடுப்பூசி பெற்ற 107 பேரில் 19 பேர் டெட்டனஸ் நோயால் இறந்தனர். பழி ஹாஃப்கின் மீது விழுந்தது. அவர் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். இறந்த அனைவரும் ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்றவர்கள். அந்தப் புட்டி கிராமத்தில் திறக்கப்பட்டபோது, கீழே விழுந்த இடுக்கி சரியாகத் தூய்மை செய்யப்படாமல் பயன்படுத்தப்பட்டிருந்தது. ரொனால்டு ராஸ் உள்ளிட்ட அறிவியலாளர்கள் குரல் கொடுத்த பின்னர், 1907இல் அவர் மீதான பழி நீங்கியது. பம்பாயில் அவர் தொடங்கிய ஆய்வுக்கூடத்திற்கு 1925இல் அவர் பெயரே சூட்டப்பட்டது.

இன்று நாம் அறிய வேண்டியவை

2017 பிப்ரவரியில் சிதம்பரம் உட்படத் தமிழகம் முழுவதும் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம்கள் தொடங்கியபோது, வாட்ஸ்அப் வதந்திகளால் பெற்றோர் பலர் தயங்கினர். கருவி மாறியிருக்கிறது; அச்சத்தின் இயல்பு மாறவில்லை.

பள்ளி முகாம்களில் ஒரு குழந்தை மயங்கினால், அதைக் கண்ட மற்ற குழந்தைகளுக்கும் தலைச்சுற்றல், படபடப்பு ஏற்படலாம். இது நடிப்பன்று, அச்சத்திற்கு உடல் காட்டும் எதிர்வினை. குழந்தையைக் கூட்டத்திலிருந்து விலக்கிப் படுக்க வைத்து, அமைதியாகப் பேசினால் பெரும்பாலும் சில நிமிடங்களில் சரியாகும். மூச்சுத்திணறல், முகவீக்கம், உடலெங்கும் தடிப்பு ஆகியவை தோன்றினால் உடனே செவிலியரிடம் தெரிவிக்க வேண்டும். இதற்காகவே ஊசிக்குப் பின் அரை மணி நேரம் அங்கேயே காத்திருக்கச் சொல்கிறோம்.

ஐயம் கொள்வது தவறன்று. ஐயத்தை அக்கம்பக்கத்தில் பரப்பாமல், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமோ 104 சுகாதார உதவி எண்ணிலோ கேட்டுத் தெளிவு பெறுங்கள். விளக்கம் கேட்பது உங்கள் உரிமை. விளக்குவது எங்கள் கடமை.