தங்கைக்காக ஓர் ஆஸ்பத்திரி: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் எங்க பெரியப்பாவுக்கு ஆறு மாதமாய்ச் சோறு சரியா இறங்கலை. கேஸ் மாத்திரையிலேயே நாளைத் தள்ளிவிட்டார். மதுரைக்குக் கூட்டிப்போனால் உணவுக்குழாயில் புற்றுநோய் என்றார்கள். அதோடு விடாமல் எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட் என்று இன்னொரு சோதனையும் எழுதினார்கள். வாய்வழியே இறக்கும் குழாயின் நுனியிலேயே ஒலியலை அனுப்பும் கருவி இருக்கு. சில மில்லிமீட்டர் கனமே உள்ள சுவர், திரையில் ஐந்து அடுக்காய்த் தெரியும். நோய் எத்தனை அடுக்கு தாண்டியிருக்கு, பக்கத்தில் நெறி கட்டியிருக்கா என்று பார்த்துத்தான் நேரே ஆபரேஷனா, முன்னதாக மருந்தும் கதிர்வீச்சுமா என்று முடிவு செய்கிறார்கள்.

எலக்ட்ரானிக்ஸ் படித்த எனக்கு அந்தப் படத்தின் மேல்தான் கண். ஆனால் தேனி திரும்பும் பஸ்ஸில் மனசில் நின்றவர் முத்துலட்சுமி ரெட்டி.

1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். பையன்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில், எதிர்ப்புக்கு நடுவே, மன்னரின் அனுமதியோடு சேர்ந்தார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போய் 1912-இல் டாக்டராக வெளிவந்தார். சட்டசபையின் முதல் பெண் உறுப்பினர், துணைத் தலைவர், தேவதாசி ஒழிப்பு, அவ்வை இல்லம் எல்லாம் நாம் பாடத்தில் படித்ததுதான்; இங்கே நீட்டவில்லை.

பாடத்தில் அதிகம் சொல்லாதது அவருடைய தங்கையின் கதை. மலக்குடல் புற்றுநோய். முற்றிய பிறகுதான் தெரிந்தது. அக்கா டாக்டர், இருந்தும் காப்பாற்ற முடியலை. உள்ளே எவ்வளவு தூரம் பரவியிருக்கு என்று வெட்டிப் பார்க்காமல் அறிய அன்றைக்கு வழி ஏது? 1925-இல் மேற்படிப்புக்கு லண்டன் போனபோது, அங்கே இந்த நோய்க்கென்றே தனி ஆஸ்பத்திரி இருந்தது.

1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா. நம்மைப் போலப் பழைய மாணவர்கள் கூடிய இடம்தானே! அங்கே அவர் புற்றுநோய்க்குத் தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று கேட்டார். உடனே நடந்துவிடவில்லை. புற்றுநோய் வந்தால் எப்படியும் சாவுதானே, அதற்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்கிற பதில்தான் மேலிடத்தில் கிடைத்தது. அம்மையார் விடலை. 1949-இல் இந்திய மாதர் சங்கத்தின் மூலம் நிதி திரட்ட ஆரம்பித்தார். 1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-இல் அடையாறில் 12 படுக்கைகளோடு திறந்தபோது அம்மையாருக்கு வயது 67. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் 1955-இல் சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள்.

1968-இல் அம்மையார் காலமானார். எண்டோஸ்கோப் நுனியில் அல்ட்ராசவுண்ட் வந்தது 1980-இல்.

பெரியப்பாவுக்கு நோய் தசை அடுக்கோடு நின்றிருந்தது. ஆபரேஷன் ஆச்சு. இப்போ காலையில் தோட்டத்துக்குப் போகிறார். இட்லியை மட்டும் சின்னச்சின்னதாய்ப் பிட்டுச் சாப்பிடுகிறார்.