ரொனால்டு ராஸ்

ரொனால்டு ராஸ் 1857ஆம் ஆண்டு அல்மோராவில் பிறந்தார். மருத்துவம் பயின்று, இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். மலேரியா தீய காற்றால் வருகிறது என்று பலரும் நம்பிய காலம் அது. கொசுவே காரணமாகலாம் என்று ராஸ் ஐயுற்றார். செகந்தராபாத்தில், வெப்பம் மிகுந்த அறையில், கொசுக்களை ஒவ்வொன்றாக அறுத்து நுண்ணோக்கியால் ஆராய்ந்தார். காற்றில் அவை பறந்துவிடும் என்பதால் விசிறியையும் தவிர்த்தார். 1897 ஆகஸ்ட் 20 அன்று, கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். 1902இல் நோபல் பரிசு பெற்றார்.

எனினும், கொசு கடித்தபின் காய்ச்சல் தோன்றப் பல நாள்கள் ஆவது ஏன் என்னும் வினா எஞ்சியது. 1932இல் ராஸ் மறைந்தார். 1948இல் ஷார்ட், கார்ன்ஹாம் ஆகியோர் விடை கண்டனர். ஒட்டுண்ணி முதலில் கல்லீரல் செல்களுள் புகுந்து பெருகுகிறது. அதன் பின்னரே குருதியைத் தாக்குகிறது. ராஸ் தொடங்கிய தேடலைப் பின்வந்தோர் தொடர்ந்தனர்.